டொக்டர் கேட்டதும் அன்ரி சொன்னதும்

எங்கள் கட்டடத்தில் அந்த நாட்களில் யாருக்கு வருத்தம் வந்தாலும் முதலில் அன்ரிக்குத்தான் சொல்வார்கள். டொக்டருக்குச் சொல்வது பிறகு. அதையும் அன்ரிதான் சொல்வார்.

கனடாவின் ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் வரிசையாக நிற்கும் உயரமான கட்டடங்களில் ஒன்று எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பதினோராம் மாடியில் அன்ரி தன் மகனோடு இருந்தார். ஐந்தாம் மாடியில், இரண்டு அறை வீட்டில், வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு நாங்கள் ஆறு ஆண்கள் இருந்தோம். அன்ரிக்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய மகன் இன்றும் இந்த நகரத்தில்தான் இருக்கிறார். எனக்கும் வயது போய்விட்டது, இனிப் புதிதாகப் பகை தேடிக்கொள்ள உடம்பில் தெம்பு இல்லை.

ஊரில் அவர் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், கிளாக்காக இருந்தவர். இருபத்தைந்து வருடம் படிவங்களோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். அங்கே அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். ஒரு அதிகாரி கேள்வி கேட்பது எதையும் தெரிந்துகொள்வதற்கு அல்ல, தன் முன்னால் உள்ள கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்கு.

"கேக்கிறவை பாவம் தம்பி. அவைக்கும் நேரத்துக்கு வீட்டை போக வேணும். பிரச்சினையில்லாத பதில் ஒண்டைக் குடுத்து அனுப்பிவிட வேணும்" என்பார்.

கனடாவில் இந்தத் திறமைக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. ஆங்கிலம் என்றால் வியர்க்கிற ஒரு கட்டடம் முழுக்க அவரை நம்பிக் கிடந்தது. சேலைக்கு மேலே தடித்த கோட்டு, சேலைக்குக் கீழே மகனுடைய பழைய பனிச் சப்பாத்து, தோளில் கறுப்புக் கைப்பை, இப்படித்தான் புறப்படுவார். பைக்குள் மூன்று பேனை, ஒரு தைலப் போத்தல், கட்டடத்தில் பாதிப் பேருடைய ஹெல்த் கார்டின் போட்டோக் கொப்பி எல்லாம் இருக்கும். கைக்கூலி எதுவும் வாங்கமாட்டார். திரும்பி வந்ததும் நல்ல சாயத்தோடு, பால் விடாத ஒரு பிளேன்ரீ கொடுத்தால் போதும். சாயம் குறைந்தால் அடுத்த வீட்டில் போய்ச் சொல்வார்.

அவருடைய மொழிபெயர்ப்பில் ஒரு பக்கத்தால் உள்ளே போகிற பேச்சு, மறுபக்கத்தால் வரும்போது குளித்து முழுகித் திருநீறு பூசிக்கொண்டு வரும். மூன்றாம் மாடிக்காரர் ஒருவரை மகனுடைய பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். உங்கள் மகன் பாடம் நடக்கும்போது மேசைக்கு மேலே ஏறி நிற்கிறான் என்று ரீச்சர் நீளமாக முறையிட்டார். அன்ரி தகப்பனிடம் திரும்பி, "பெடியன் நல்ல சுறுசுறுப்பாம்" என்றார்.

தகப்பனுக்குத் தன் மகனைத் தெரியும். "ரண்டு போடு போடச் சொல்லுங்கோ அன்ரி. தோலை உரிச்சாலும் நாங்கள் வந்து ஒண்டும் கேக்கமாட்டம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அன்ரி ரீச்சரைப் பார்த்து மெல்லச் சிரித்து, "உங்கள் பொறுமைக்குத் தகப்பன் மனமார்ந்த நன்றி சொல்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். தகப்பன் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் அடுத்த நாள் பிள்ளைகள் பாதுகாப்புக்காரர் மூன்றாம் மாடியில் நின்றிருப்பார்கள். ஆகவே நான் அன்ரியை வெறுமனே நக்கலடிப்பதாக நினைக்க வேண்டாம். அந்தக் கட்டடத்தின் பாதி நிம்மதி அவருடைய பொய்யில்தான் நின்றது.

எங்கள் வீட்டையும் ஒருமுறை அவர்தான் காப்பாற்றினார். கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்ரென்டன்ட் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வந்துவிட்டார். சுவரோரம் ஆறு மெத்தை சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் நின்ற அன்ரி, "இருப்பது இரண்டு பேர்தான். மற்றவர்கள் ஒரு செத்தவீட்டுக்கு வந்திருக்கிறார்கள்" என்றார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் செத்தவீடு எட்டு மாதம் நடந்தது. லிஃப்ட்டில் எங்களைக் காணும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்காக நாங்களும் ஐந்து மாடிக்குத் துக்கமாக நிற்க வேண்டியிருந்தது.

இனி என் முழங்காலுக்கு வருகிறேன்.

நான் வந்த இரண்டாம் கோடையில், அகதி வழக்கு முடியாமல் வெல்ஃபெயர் என்ற அரசாங்க உதவிப்பணம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் ஆறு பேரும் ஈரி ஏரிக்குப் பக்கத்தில் ஒரு புகையிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனோம். வெல்ஃபெயர் எடுக்கிறவன் அப்படிப் போகக்கூடாது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்தவர்களுக்குப் பனிநாட்டில் ஒரு புகையிலைத் தோட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகு வீட்டில் கால் தரிக்கவில்லை. நடுகையிலிருந்து இலை ஒடிக்கும் வரை நின்றோம். நாங்கள் பக்கக் குருத்து முறிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு அந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரன் தன் பெண்சாதியைக் கூப்பிட்டுக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைப் புல்லுக்குள் இடுப்பளவு இறங்கி நின்று மீன் பிடித்தோம். கட்டடம் முழுக்க இது தெரியும். அன்ரிக்கும் தெரியும், மீனில் ஒரு பங்கு அவருக்கும் போனது.

பிறகு வழக்கு வென்றது. பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலை ஒன்றில், எட்டு மணித்தியாலம் நின்றபடி மெஷினைப் பார்க்கிற வேலை கிடைத்தது. உடனே மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்தேன். அந்தப் படிவத்தை நிரப்பியவர் அன்ரி.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மகள் என்று நான் சொல்கிற பிள்ளை என் அண்ணனுடைய பிள்ளை. அண்ணனும் அண்ணியும் ஒரே ஷெல்லடியில் செத்தபோது அவளுக்கு மூன்று வயது. நானும் மனைவியும்தான் எடுத்து வளர்த்தோம். இந்தக் கதையை நான் அன்ரியிடம் முழுதாகச் சொன்னேன். கேட்டு அழுதார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறவுமுறை என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினார்.

"கதை சொல்ல உதிலை இடமில்லைத் தம்பி. ஒரு அங்குலம்தான் விட்டிருக்கினம்."

பிறப்புப் பத்திரம் எரிந்துபோனது என்று இன்னொரு அங்குலத்தில் எழுதினார். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

குடும்பத்தைக் கூப்பிட வேலை வேண்டும். வேலைக்கு நிற்க வேண்டும். நிற்க முழங்கால் வேண்டும். அந்தப் பனி மாரியில் ஒரு காலை எழும்பிப் பார்த்தால் என் வலது முழங்கால் குரும்பை அளவுக்கு வீங்கியிருந்தது. நோவு பெரிதாக இல்லை, ஆனால் மடங்க மறுத்தது. மூன்று கிழமை இருந்து வற்றியது. வற்றிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு முடிவதற்குள் திரும்ப வந்தது. ஃபோர்மன் என் காலையும் மணிக்கூட்டையும் மாறிமாறிப் பார்க்கத் தொடங்கினான்.

நகர மையத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூட்டு டொக்டரிடம் அனுப்பினார்கள். இளம் பெண். அன்ரிக்கு அவரைக் கண்டதும் பிடிக்கவில்லை.

"உந்தப் பெட்டைக்கு இப்பத்தான் பல்லு முளைச்சிருக்கு" என்று என் காதுக்குள் சொன்னார்.

டொக்டர் அன்று இருபது கேள்வி கேட்டிருப்பார். அதில் எனக்கு வந்து சேர்ந்தது இரண்டு. மிச்சம் எல்லாவற்றுக்கும் அன்ரியே பதில் சொன்னார். என் ஆங்கிலம் அப்போது மெஷினை நிற்பாட்டவும் ஓடவிடவும் மட்டும் போதுமானது. ஒரு கேள்வியை டொக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்ரி என்னைப் பாராமலே, "உமக்குப் பெண்கள் விசயத்திலை கெட்ட பழக்கம் இருக்கோ எண்டு கேக்கிறா. இல்லை எண்டு சொல்லிட்டன்" என்றார். இன்னொரு தரம் டொக்டர் விரல் நுனியில் எள்ளளவு எதையோ பிடிப்பதுபோலக் காட்டி ஒன்று கேட்டார். அன்ரியின் முகம் கறுத்தது. சுடச்சுடப் பதில் கொடுத்தார்.

"என்னவாம் அன்ரி?"

"ஒண்டுமில்லை. வீடு வாசல் துப்பரவோ எண்டு கேக்கிறா."

பிறகு டொக்டர் முழங்காலில் ஊசி ஏற்றித் தண்ணீரை இழுத்தார். கலங்கிய கருப்பணிப் பதநீர் நிறத்தில் சிரிஞ் நிறைய வந்தது. மூட்டுக்குள் இவ்வளவு தண்ணீர் ஊறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இழுத்ததும் கால் இலேசாகும், இரண்டு கிழமையில் திரும்ப நிறைந்துவிடும். இப்படி மூன்று தரம் எடுத்தார்கள். அந்தத் தண்ணீரில் சயரோகம் இல்லை, வாதத்துக்கான உப்புக் கல் இல்லை, கெட்ட பழக்கத்தால் வருகிற கிருமி இல்லை. கடைசியாகச் சொன்னதை அன்ரி எனக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார். "தம்பிக்குக் கெட்ட வியாதி ஒண்டும் இல்லையாம்" என்று மாடி மாடியாகச் சொன்னார். அதுவரை என்னைச் சந்தேகிக்காதவர்களும் அன்றிலிருந்து சந்தேகிக்கத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில் விசாக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளை என்னுடையது என்பதற்கு ஆதாரம் போதாதாம். தேவைப்பட்டால் தகப்பனும் பிள்ளையும் இரத்தம் கொடுத்து டி.என்.ஏ. சோதனை செய்யலாமாம். அந்த மூன்று எழுத்தைக் கேட்டால் எங்கள் கட்டடத்தில் பலர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள். தங்கையின் மகன், மாமாவின் மகள் என்று எத்தனையோ பேர் காகிதத்தில் சொந்தப் பிள்ளைகளாக இருந்த காலம் அது. அன்ரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமையே ஆஸ்பத்திரித் தவணை. டொக்டர் அன்று உற்சாகமாக இருந்தார். கதிரையை எங்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு சந்தேகத்துக்காகச் செய்த இரத்தச் சோதனை ஒன்று அரையும் குறையுமாக வந்திருக்கிறதாம். புதிதாக ஒரு சோதனை இருக்கிறதாம். முழங்கால் தண்ணீரை இன்னொரு தரம் எடுத்து, அமெரிக்காவில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அதில் டி.என்.ஏ. பார்க்க வேண்டுமாம். இதெல்லாம் பிறகு விளங்கியது. அன்று எனக்குப் பிடிபட்டது அந்த மூன்று எழுத்து மட்டும்தான். அன்ரிக்கும் அதற்கு மேலே எதுவும் காதில் ஏறவில்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"எழும்பும் தம்பி. உது அவையின்ரை வேலை. விசா ஒவ்வீசாலை இவைக்குச் சொல்லிப்போட்டினம். ரத்தம் கேட்டாக் குடுக்கமாட்டம் எண்டு தெரிஞ்சு, முழங்காலாலை எடுக்கப் பாக்கினம்."

இன்றைக்கு நீங்கள் சிரிக்கலாம். அன்று நான் அதை நம்பினேன். ஆஸ்பத்திரியும் அரசாங்கம், விசாக் கந்தோரும் அரசாங்கம். நாங்கள் விட்டு வந்த நாட்டில் ஒரு கந்தோரில் தும்மினால் மற்றக் கந்தோரில் கைலேஞ்சி எடுப்பார்கள். தண்ணீர் அமெரிக்கா போய், என் பிள்ளை என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டால், ஊரில் அவளை யாரிடம் விட்டுவிட்டு என் மனைவி வருவாள்?

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ அன்ரி" என்றேன்.

அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "டொக்டர், எங்கள் சமயத்தில் உடம்பு நீரை இப்படியெல்லாம் விசாரிக்க விடமாட்டோம்" என்றார்.

"முன்னர் மூன்று தரம் எடுத்தோமே" என்றார் டொக்டர்.

"எடுக்கலாம். விசாரிக்கக் கூடாது."

இந்த நகரத்தில் அடுத்தவனுடைய சமயத்துக்கு இருக்கிற மரியாதை வேறெதற்கும் இல்லை. டொக்டர் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டு, அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தார். மற்ற நோயாளிகளின் மனம் புண்படாமல் நடந்துகொள்வதற்காக இந்த வழக்கத்தைப் பற்றிக் கூடுதலாக அறிய விரும்புகிறார்களாம். அன்ரி அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு அலுமாரியில், சைவர்களுடைய முழங்கால் நீர் பற்றி இன்றைக்கும் ஒரு பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முழங்காலுக்குச் சமயம் ஏது, அது தன்பாட்டுக்கு வீங்கியது. சுகம் வந்த பிறகு வா என்று ஃபோர்மன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மூன்று நாள் மெத்தையில் காலை உயர்த்தி வைத்தபடி யோசித்தேன். தண்ணீரைக் கொடுத்தால் பிள்ளை இல்லை. கொடுக்காவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. எந்தப் பக்கம் புரண்டாலும் அந்தக் காலில்தான் இடித்தது.

அடுத்த தவணைக்கு அன்ரியோடுதான் போனேன். அவரைக் கூப்பிடாமல் போனால் நான் லிஃப்ட்டால் இறங்குவதற்கு முன்னரே அவருக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் போகும்போது ஒரு ஆங்கில வசனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பப் பாடமாக்கினேன். டொக்டர் வந்து உட்கார்ந்ததும், அன்ரி பையைத் திறப்பதற்கிடையில் சொல்லிவிட்டேன்.

"டொக்டர், டி.என்.ஏ. யாருடையது? என்னுடையதா?"

கதிரை ஒன்று வாய் திறந்து பேசியதுபோல டொக்டர் என்னைப் பார்த்தார். ஆறு மாதமாக நான் அந்த அறையில் கதிரையாகத்தான் இருந்திருக்கிறேன். ஒரு தாளை எடுத்தார். அதில் ஒரு முழங்காலைப் படமாகக் கீறினார். அதற்குள் சுருள் கம்பிபோல ஒன்றைக் கீறி, இதுதான் கிருமி என்றார். டி.என்.ஏ. என்று அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் எழுதினார். பிறகு வெளியே மீசையோடு ஒரு முகத்தைக் கீறி அதன் மேல் பெரிதாக வெட்டுக்கோடு போட்டார்.

"உங்களுடையது எனக்கு வேண்டாம்" என்றார். "இதனுடையது."

கிருமி மூட்டுக்குள் ஒளித்திருக்கிறதாம். பூதக்கண்ணாடியில் வைத்துத் தேடினாலும் அகப்படாத அளவுக்குக் கொஞ்சம்தான் இருக்குமாம். அதனால் அதன் மரபணுவில் ஒரு துண்டைத் தேடிப் பிடித்துக் கொப்பி எடுத்து, கொப்பிக்குக் கொப்பி எடுத்து, இலட்சக்கணக்கில் பெருக்குவார்களாம். மூலையில் நின்ற போட்டோக் கொப்பி மெஷினைக் காட்டினார். கிருமி அங்கே இல்லையென்றால் பெருக்குவதற்கு எதுவும் இருக்காது, வெறும் தாள்தான் வரும் என்றார்.

கொப்பி என்றதும் அன்ரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்துக்குக் கிட்டக் குனிந்தார். இருபத்தைந்து வருடம் கொப்பிகளோடு கிடந்தவர் அல்லவா.

"மூலப்பத்திரம் இல்லாட்டிக் கொப்பி வராதாம்" என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. அந்த ஆறு மாதத்தில் டொக்டர் சொன்னது சேதாரம் இல்லாமல் எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு தரம்தான்.

"செய்யுங்கள்" என்றேன் டொக்டரிடம்.

பஸ்ஸில் திரும்பும்போது அன்ரி யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும் இடத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நேரை கதைக்கிறதெண்டால் பிறகென்னத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனனீர்?"

நான் எழும்பி மணிக் கயிற்றை இழுத்தேன்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. தண்ணீரில் கிருமி இருந்தது. லைம் என்று ஒரு நோயாம், உண்ணி கடித்து வருவதாம். அந்தக் காலத்தில் ஒன்ராறியோவில் அந்த உண்ணி ஈரி ஏரிக்கரையில் ஒரு மூலையில்தான் இருப்பதாகத் தெரிந்திருந்ததாம். டொக்டர் என் கோப்பைத் திறந்து முதல் நாள் எழுதியதை எனக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உண்ணி கடித்ததா என்று கேட்டதற்கு, 'இல்லை, நோயாளி நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்று இருந்தது. ஏரிக்கரைக்குப் போனாரா என்று கேட்டதற்கு, 'ரொறன்ரோவை விட்டு வெளியே போனதே இல்லை' என்று இருந்தது. புல்வெளியில் நடமாட்டம் உண்டா என்பதற்கு, 'அவருக்குப் புல் பிடிக்காது.'

எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். நாலு தரம் ஊசி, வேலை போகிற நிலை, மெத்தையில் கிடந்த அந்த மூன்று நாள் எல்லாம் ஒன்றாக வந்தது.

"உண்ணி கடிச்சதோ எண்டு முதல் நாளே கேட்டவவோ அன்ரி?"

"உண்ணி மாட்டுக்கெல்லோ வாறது. உம்மை மாடெண்டு சொல்லுறா எண்டு நினைச்சன்."

"புகையிலைத் தோட்டம் உங்களுக்குத் தெரியும்தானே?"

"வெல்ஃபெயர் எடுக்கேக்கை வேலைக்குப் போனனீர் எண்டு நானே உவைக்கு எழுதிக் குடுக்கவோ?"

டொக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அன்ரி கைப்பையின் வாயை மூடினார். "அந்தக் கேள்விகளை நான் இவரிடம் கேட்கவே இல்லை, டொக்டர்" என்றார். "பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்." டொக்டர் கண்டிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு, நாளுக்கு இரண்டு குளிசை எழுதிக் கொடுத்தார். குளிசை முடிந்து சில கிழமையில் முழங்கால் தன் பழைய உருவத்துக்கு வந்தது. நான் திரும்பவும் வாளி மெஷினுக்கு முன்னால் போய் நின்றேன்.

கட்டடத்தில் கதை வேறு விதமாகப் பரவியது. என் முழங்கால் தண்ணீர் அமெரிக்காவுக்குப் போய், நான் களவாகப் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். என்னோடு தோட்டத்துக்கு வந்த ஐந்து பேரும் ஒரு வருடத்துக்கு எந்த டொக்டருக்கும் சிறுநீர்கூடக் கொடுக்கவில்லை. அன்ரி ஒரு மாதம் யாரோடும் எங்கும் போகவில்லை. வருத்தக்காரர்கள் டொக்டருக்கு நோகிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டு வந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால் பெரும்பாலும் சுகம் வந்தது.

பிறகு குடிவரவுக் கந்தோரிலிருந்து என்னை நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்ரி ஐந்தாம் மாடிக்கு இறங்கி வந்தார்.

"நான் உண்மையைச் சொல்லப்போறன் அன்ரி" என்றேன்.

"வேறை வழியில்லை. ஒளிச்சிருந்த கிருமியையே முழங்காலுக்குள்ளை தேடிப் பிடிக்கினம், பிள்ளையின்ரை ரத்தத்திலை விடுவினமோ?" என்றார். பிறகு, "நான் வரவோ?" என்று கேட்டார். அவர் எவரிடமும் அப்படிக் கேட்டு நான் அறியேன். அவருக்கே குடியுரிமைச் சோதனை வருகிற மாதம் இருந்தது. நாட்டின் ஏரிகளையும் மாகாணங்களையும் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி சளித் தடிமன் பிடித்த பருத்த மனிதர். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை உங்களுடைய மகளா என்று கேட்டார். எனக்கே விளங்கியது. அன்ரி என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"இந்தப் பிள்ளை உம்மடை மகளோ எண்டு கேக்கிறார்."

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். என் வாயிலிருந்து வருவதற்காக அவர் காத்திருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

"இல்லை. அண்ணற்ரை மகள். அண்ணையும் அண்ணியும் ஒரே நாளிலை செத்திட்டினம். மூண்டு வயசிலை இருந்து நாங்கள்தான் வளர்த்தனாங்கள். அவள் என்னைத்தான் அப்பா எண்டு கூப்பிடுறவள்."

அன்ரி அதை ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னார். பூசவில்லை, மெழுகவில்லை. செத்தார்கள் என்பதைச் செத்தார்கள் என்றே சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டே வந்து, பேனையை வைத்தார். தாய் தகப்பனை இழந்த, சகோதரனுடைய பிள்ளையைக் கூப்பிடுவதற்கு வேறாக ஒரு பிரிவு இருக்கிறதே, அதில் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டார். அந்த விளக்கம் இதே தாளின் பின்பக்கத்தில் இருக்கிறதாம். அன்ரி தாளைத் திருப்பிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

அதிகாரி 'மகள்' என்ற சொல்லில் விரலை வைத்தார். பொய் எழுதுவது குற்றம், இதை எழுதியது யார் என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. எனக்கு அன்ரியின் குடியுரிமைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் கட்டடத்தில் அவர் கையெழுத்தில் இல்லாத படிவமே இல்லை.

"நான்தான் நிரப்பினனான் எண்டு சொல்லுங்கோ அன்ரி" என்றேன்.

அன்ரி அதிகாரியைப் பார்த்தார். "தான்தான் நிரப்பியதாக இவர் சொல்கிறார்" என்று நான் சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். அதே குரலில், "நிரப்பியது நான்" என்றார். "இவர் என்னிடம் உண்மையைத்தான் சொன்னார்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

புதுப் படிவத்தில் மனைவியும் பிள்ளையும் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேலே எடுத்தது. அவர்கள் வந்த பிறகும் அன்ரிக்குக் குடியுரிமை வரவில்லை. அந்த வாக்குமூலத்தின் மேல் விசாரணை நடக்கிறது, சோதனையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அவருடைய மகன்தான் லிஃப்ட்டில் வைத்து என்னிடம் சொன்னார். அன்று பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு பதினோராம் மாடிக்குப் போனேன். பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, என்னாலேதானே அன்ரி என்று கேட்டேன்.

"சீச்சீ, உம்மாலை என்னத்துக்கு?" என்றார், டொக்டர்மாரிடமும் ரீச்சர்மாரிடமும் பேசுகிற அந்த வழுவழுப்பான குரலில். "கந்தோரிலை வேலைக்கு ஆக்கள் குறைவாம் தம்பி. அதுதான் எல்லாருக்கும் சுணங்குதாம்."